தாடை அறுவை முடிந்து வீடு திரும்புமுன்: வாசகர் கேள்வி – பதில்

தாடை அறுவை சிகிச்சை குறித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் வலியைப் பற்றியே கவலைப்படுகின்றன. வலிக்கு மருந்து உண்டு. அதை மருத்துவமனையே எழுதிக் கொடுத்துவிடும். வீட்டுக்கு வந்தபின் ஆளைத் தளர்த்திப் போடுவது பசியும் தாகமும்தான் என்பதால், என் பதில்கள் பெரும்பாலும் அடுப்படியைச் சுற்றியே அமைந்துவிட்டன.

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. கீழ்த்தாடை முன்துருத்தி இருப்பதால் பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறாள். அடுத்த மாதம் பெங்களூரில் மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள். நான்கைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். வீட்டில் நானும் என் மாமியாரும்தான் இருப்போம். என்னென்ன தயார்செய்து வைக்க வேண்டும்?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: என்ன நடக்கப்போகிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன் அம்மா. வாய்க்குள்ளேயே கீறி, தாடை எலும்பைத் திட்டமிட்ட இடத்தில் வெட்டி, சரியான நிலைக்கு நகர்த்தி, டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து முடுக்கிவிடுவார்கள். வெட்டிய எலும்பு ஓரளவு கூடுவதற்கு 6 வாரமும், முழு வலுப் பெறுவதற்கு மேலும் சில மாதங்களும் ஆகும். பிளேட் வைப்பதால், முன்போல வாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வழக்கம் இப்போது குறைந்துவிட்டது. பெரும்பாலும் கிளிப்பின் கொக்கிகளில் சிறு ரப்பர் வளையங்களை மாட்டி மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் சேர்த்து வைப்பார்கள். எப்படியானாலும் முதல் சில வாரங்களுக்கு அவள் மெல்லக் கூடாது; உள்ளே போவதெல்லாம் நீர்மமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே வாங்க வேண்டியவற்றை அறுவைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். மெடிக்கல் கடையில் ஊசி இல்லாத 10 மில்லி, 20 மில்லி சிரிஞ்சுகள் சில, அவற்றின் முனையில் பொருத்த விரல் நீளத்துக்கு மெல்லிய ரப்பர் குழாய், குழந்தைகளுக்கான மிக மென்மையான சிறிய பிரஷ், உதட்டுக்கு வாஸ்லின், இரண்டு ஐஸ் பேக், கிளிப் குத்தினால் வைப்பதற்கு மெழுகு, பேச முடியாத நாட்களில் எழுதிக் காட்டுவதற்கு ஒரு சிலேட்டு, இரவில் உங்களைக் கூப்பிட ஒரு சிறு மணி ஆகியவை போதும். வீட்டில் நல்ல மிக்ஸியும், கண் நெருங்கிய எவர்சில்வர் வடிகட்டியும், ஒரு பிளாஸ்க்கும் இருந்தால் சமையலறைத் தேவை முடிந்தது. கரண்ட் போகும் நேரம் தெரிந்த ஊர் என்றால், அதற்கு முன்பே அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரா வாங்க வேண்டாம். உறிஞ்சும்போது வாய்க்குள் ஏற்படும் இழுவை தையலுக்கு நல்லதல்ல என்பதால் பெரும்பாலான மருத்துவர்கள் தொடக்கத்தில் அதை அனுமதிப்பதில்லை. சிரிஞ்சால் ஊட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கடைவாய்ப் பற்கள் சேர்ந்திருந்தாலும், கடைசிப் பல்லுக்குப் பின்னால் கன்னத்தை ஒட்டி ஒரு சிறு இடைவெளி உண்டு. அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்க்காமல், ரப்பர் குழாயைக் கன்னத்தின் உட்புறமாக அந்த இடைவெளி வரை கொண்டுபோய், ஐந்து மில்லி அளவுக்கு மெதுவாக அழுத்துங்கள்; விழுங்கியதாகத் தலையசைத்த பிறகு அடுத்ததை விடுங்கள். முதல் நாள் ஒரு டம்ளர் கஞ்சிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். உதடு மரத்திருப்பதால் பாதி மோவாயில் வழிந்துவிடும். மார்பில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். சில நாட்களில் அவளே சிரிஞ்சை வாங்கிக்கொள்வாள்.

எவ்வளவு தேவை என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 2 முதல் 2.5 லிட்டர் நீர்மம் உள்ளே போக வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு லிட்டர் பாலில் 32 கிராம் அளவுக்கும், ஒரு முட்டையில் 6 கிராமும் புரதம் இருக்கிறது. 60 கிராம் பாசிப்பருப்பையோ துவரம்பருப்பையோ குழைய வேகவைத்து, பருப்போடு சேர்த்தே அரைத்துக் கொடுத்தால் இன்னும் 13 கிராம் கிடைக்கும். மேலே தெளிந்து நிற்கும் பருப்புத் தண்ணீரை மட்டும் இறுத்துக் கொடுத்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆட்டுக்கால் சூப்புக்கும் இதையேதான் சொல்வேன்: வாய்க்கு ருசி, தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். எலும்பு கூட்டும் சக்தி அதில் தனியாக இருப்பதாக நினைத்து, சூப்பால் வயிற்றை நிரப்பிவிட்டுப் பாலையும் முட்டையையும் தள்ளிவைத்துவிடாதீர்கள். முட்டையைப் பச்சையாகப் பாலில் அடித்துக் கொடுக்கக் கூடாது. நன்றாக வேகவைத்துக் கஞ்சியோடு சேர்த்து மிக்ஸியில் அடித்து வடிகட்டுங்கள்.

நம் மாவட்டத்துக்குக் கேழ்வரகைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் சாதாரண மாவில் காய்ச்சிய கஞ்சி ஆறினால் கெட்டிப்பட்டு சிரிஞ்சில் ஏறாது. உடனே தண்ணீரை ஊற்றி நெகிழ்த்துகிறோம். டம்ளர் நிரம்புகிறது, சத்து பாதியாகிவிடுகிறது. முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவில் இந்தத் தொல்லை குறைவு. முளைவிடும்போது தானியத்தில் உருவாகும் நொதி, மாவுச்சத்தை உடைத்து நீர்த்துப்போகச் செய்வதால், கூடுதல் மாவு போட்டும் கஞ்சி ஓட்டமாகவே இருக்கும். அறுவைக்கு முந்தைய வாரமே உங்கள் மாமியாரிடம் சொல்லி இரண்டு கிலோ முளைகட்டி அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் அவரைவிட அதற்குத் தகுந்தவர் யார் இருக்கப்போகிறார்கள்?

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகளை எழுதிக் கொடுத்தால், சிரப்பாக மாற்றித் தர முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். எல்லா மாத்திரைகளையும் பொடித்துவிட முடியாது; குடலில் போய்க் கரைவதற்காக மேற்பூச்சுப் பூசியவற்றையும், மெதுவாக மருந்தை வெளியிடுபவற்றையும் பொடிக்கவே கூடாது. பாராசிட்டமால் சிரப்பும் கடையில் ஒரே அளவில் கிடைப்பதில்லை. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. ‘10 மில்லி கொடுங்கள்’ என்று வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வந்தால் தேவையானதில் பாதிதான் போய்ச்சேரும், அல்லது இருமடங்கு போய்ச்சேரும். மில்லிகிராமையும் மில்லியையும் சேர்த்தே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முகத்தைப் பார்த்து நீங்கள் பயப்படக் கூடாது. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் வரை கூடிக்கொண்டேதான் போகும். பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்தில் வடிந்து, மீதி சில மாதங்களில் மெல்லக் கரையும். கன்னத்திலிருந்து கழுத்து வரை மஞ்சளும் பச்சையுமாக நிறம் இறங்குவதும் இயல்பே. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் பேக்கை இருபது நிமிடம் வைத்து, இருபது நிமிடம் எடுத்துவிடுங்கள். முகம் மரத்திருக்கும்போது அவளுக்குக் குளிரும் சூடும் தெரியாது. அளவை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கஞ்சியின் சூட்டையும் உங்கள் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள்.

படுக்கை விஷயத்தில், பாயில் தட்டையாகப் படுக்கவைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தலையும் மார்பும் உயர்ந்திருக்க வேண்டும். பரணில் பழைய துணி ஈசிசேர் கிடந்தால் இறக்கித் துடைத்து வையுங்கள். தலையணைகளை அடுக்குவதைவிட அது மேல். மேல்தாடை அறுவையால் மூக்கு அடைத்திருக்கும், பழைய இரத்தம் கருப்பாகக் கசியும். மருத்துவர் சொல்லும் வரை மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் முடிந்த அளவு வாய் வழியாக விடட்டும். உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும், ஆவி பிடிக்க வேண்டாம். மூக்கிலிருந்து புது இரத்தம் ஓடினால் நிமிர்ந்து உட்காரவைத்து, முன்னால் குனியச் செய்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றாலோ, இரத்தம் பெருக்கெடுத்தாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும்போது, அந்த நிலையில் பெங்களூர் வரை காரில் போகலாம் என்று யோசிக்கக் கூடாது.

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்து என் கணவரின் கீழ்த்தாடை உடைந்துவிட்டது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நாளை மறுநாள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தூக்கத்தில் வாந்தி வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. என் அத்தையோ முட்டை, தயிர், பருப்பு எல்லாம் சீழ் பிடிக்கவைக்கும், அரிசிக் கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் பத்தியம் என்கிறார்.
– ஒரு வாசகி, அரூர்

பதில்: வாந்தி வந்தால் மல்லாந்து இருக்கக் கூடாது என்பதை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எழுப்பி முன்னால் குனியச் செய்யுங்கள். முடியாவிட்டால் பக்கவாட்டில் திருப்புங்கள். அவர் வயிற்றில் இருப்பது நீர்மம்தான் என்பதால் பல் இடுக்கு வழியாகவும் கன்னத்தின் ஓரமாகவும் மூக்கு வழியாகவும் அது வெளியேறிவிடும். பெரும்பாலும் கம்பியை வெட்ட வேண்டிய அவசியமே வராது. ஆயினும் மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன், எந்தக் கம்பிகளை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று மருத்துவரிடம் நேரில் காட்டச் சொல்லி, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி வெட்டும் சிறிய கட்டர் ஒன்றை நூலில் கட்டி அவர் தலைமாட்டிலேயே தொங்கவிடுங்கள். வெளியே போனால் சட்டைப் பையில் இருக்கட்டும். மேலும் கீழும் செங்குத்தாக ஓடும் கம்பிகளையே வெட்ட வேண்டும். பல்வரிசையை ஒட்டிக் கிடையாக ஓடுவதைத் தொடக் கூடாது. மூச்சுத் திணறி முகம் நீலம் பாய்கிறது என்றால் தயங்காமல் வெட்டிவிட்டு 108-ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் தாளின் மேலேயே ‘வாய் கம்பியால் கட்டப்பட்டுள்ளது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால், அவசரத்தில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் அத்தையின் அக்கறையை நான் மதிக்கிறேன். அவருடைய பத்தியத்தை ஏற்க முடியாது. சீழ் பிடிப்பது கிருமியால். முட்டையாலோ தயிராலோ அல்ல. உடைந்த எலும்பு கூடுவதற்குப் புரதம் மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில் கஞ்சித் தண்ணீரை மட்டும் கொடுத்தால், பத்தே நாளில் அவர் எழுந்து நிற்கத் தள்ளாடுவார். கம்பி கட்டியிருக்கும் காலத்தில் மூன்று முதல் ஐந்து கிலோ எடை குறைவது சாதாரணம். அதற்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாரம் இருமுறை ஒரே தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, போவது அடர்மஞ்சளாக இருந்தாலோ தண்ணீர் போதவில்லை என்று பொருள். பெரியவரிடம் வாதாடி வீட்டில் மனத்தாங்கலை உண்டாக்க வேண்டாம். அடுத்த முறை அவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மருத்துவர் வாயாலேயே கேட்கவையுங்கள்.

சீழைத் தடுப்பது பத்தியமல்ல, வாய்ச் சுத்தம். ஒவ்வொரு முறை உணவு கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைச் சிரிஞ்சால் பற்களின் மேல் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பல்லின் வெளிப்புறத்தைச் சிறு பிரஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கழுவும் மருந்தை எழுதியிருந்தால் பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்தே அதைப் பயன்படுத்த வேண்டும், பேஸ்ட்டோடு சேர்ந்தால் அதன் வேலை கெடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தால், கம்பி இருக்கும் வரை ஒரு சொட்டும் கூடாது. போதையில் வாந்தி எடுத்தால் குனிய வேண்டும் என்ற உணர்வே அவருக்கு இருக்காது. பீடி, சிகரெட், ஹான்ஸ் எல்லாமே எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துபவை.

கேள்வி: எங்கள் ஊர்த் தண்ணீரால் சிறுவயதிலிருந்தே என் பற்கள் காவியேறிக் கிடக்கின்றன. கிளிப் பட்டைகள் அடிக்கடி கழன்று விழுகின்றன. அறுவைக்குப் பின் ரப்பர் மாட்டியிருக்கும்போது கழன்றால் ஆபத்தா?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் இதை நிறையப் பார்க்கிறோம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். 2013-இல் அது தொடங்கப்படுவதற்கு முன் வளர்ந்த பற்களை அந்தத் தண்ணீர் மாற்றிவிடாது. ஃபுளோரைடு பாதித்த பல்லின் மேற்பூச்சு பசையை வழக்கம்போல் பிடித்துக்கொள்வதில்லை. எனவே இதை அறுவைக்கு முன்பே உங்கள் பல் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கடைவாய்ப் பற்களுக்கு ஒட்டுப்பட்டைக்குப் பதிலாகச் சுற்று வளையம் போடலாம். அறுவையின்போதே எலும்பில் சிறு ஸ்க்ரூக்களை வைத்து அவற்றில் ரப்பரை மாட்டவும் வழி இருக்கிறது. வீட்டில் ஒன்று கழன்றால் ஆபத்தில்லை. பிடித்து இழுக்காமல், குத்தும் முனையில் மெழுகை வைத்துவிட்டு, அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சரியான இடத்தில் பொருந்தி நிற்க ரப்பர்தான் வழிகாட்டுகிறது என்பதால் ‘அடுத்த வாரம் போகும்போது காட்டிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடக் கூடாது.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். எத்தனை நாள் விடுப்பு சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் இரண்டு மூன்று வாரம்; பளு தூக்குவதோ எந்திரத்தின் முன் நின்று செய்வதோ என்றால் 6 வாரம் கேளுங்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை பைக் வேண்டாம். ஹெல்மெட்டின் பட்டை தாடையை அழுத்தும், பட்டையைப் போடாமல் ஓட்டுவதோ அதைவிடக் கேடு. கேன்டீனில் உங்களுக்கான உணவு கிடைக்காது. பிளாஸ்க்கோடுதான் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்குத் தாடை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கீழுதடும் மோவாயும் இன்னும் மரத்தே இருக்கின்றன. நரம்பு அறுந்துவிட்டதா? இரண்டாவது வாரத்திலிருந்து காரணமில்லாமல் அழுகையும் வருகிறது.
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு தாடை எலும்புக்கு உள்ளேயே ஓடுகிறது. எலும்பை வெட்டி நகர்த்தும்போது அது இழுபடுவதால், அறுபடாமலே மரத்துப்போகும். வாரக்கணக்கில், சிலருக்கு ஓராண்டு வரைகூட, உணர்ச்சி மெல்லத் திரும்பும். இடையே எறும்பு ஊர்வதுபோலவும் சுருக்கென்று குத்துவதுபோலவும் தோன்றினால் நரம்பு விழித்துக்கொள்கிறது என்று கொள்ளலாம். ஒரு சிலருக்கு ஓரளவு மரமரப்பு நிலையாகத் தங்கிவிடுவதும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது எனக்கு வழக்கமில்லை. இந்த மரமரப்பு உணர்ச்சியைச் சார்ந்தது, உதட்டின் அசைவைச் சார்ந்ததல்ல. சிரிக்கும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணினால் அது வேறு, உடனே காட்டுங்கள்.

அழுகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வயிறார உண்ணவில்லை, தூக்கமில்லை, வாய்விட்டுப் பேச முடியவில்லை, கண்ணாடியில் தெரியும் முகமும் இன்னும் பழகவில்லை. பார்க்க வருகிறவர்கள் ‘ஐயோ, முகமே மாறிப்போச்சே’ என்று வேறு சொல்லிவிட்டுப் போகிறார்கள். வீக்கம் வடியும் வரை உறவினர்களைப் போனிலேயே விசாரித்துக்கொள்ளச் சொல்வதில் தவறே இல்லை. ‘ஏன்தான் செய்துகொண்டோமோ’ என்ற எண்ணம் இந்தக் கட்டத்தில் பலருக்கும் வந்து போவதுதான். சாப்பாட்டின் அளவைக் கூட்டியும் இரண்டு வாரத்தில் மனம் தெளியாவிட்டால் உங்கள் மருத்துவரிடம் அதையும் ஒரு நோய்க்குறியாகவே சொல்லுங்கள்.

கேள்வி: மாம்பழ சீசனில் அறுவை வருகிறது. மாம்பழச் சாறு குடிக்கலாமா? களி எப்போது சாப்பிடலாம்? களி இல்லாமல் என்னால் இருக்க முடியாது.
– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: பழுத்த மாம்பழத்தை அரைத்து நார் போக வடிகட்டிப் பாலோடு சேர்த்துக் குடியுங்கள், நல்ல தெம்பு தரும். புளிப்பான பழம் தையலில் எரியும், தவிர்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடித்தவுடன் வாயைக் கழுவாவிட்டால் கிளிப்பைச் சுற்றிப் பல் சொத்தையாகும்.

களியைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்துவைத்தவர். களியை யாரும் மெல்லுவதில்லை, தொட்டு விழுங்குவதுதானே? வாய் கொஞ்சம் திறந்து, மென்மையான உணவு உண்ணலாம் என்று மருத்துவர் சொல்லும் அன்று, இட்லிக்கு அடுத்து நான் அனுமதிப்பது களியைத்தான். கட்டி இல்லாமல் நன்றாகக் கிண்டி, வழக்கத்தைவிடத் தளர்வாக இறக்கி, சுண்டைக்காய் அளவு உருண்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ளக் கடைந்த கீரையோ வடிகட்டிய கொள்ளுக் கடைசலோ இருக்கட்டும். கருவாட்டுக் குழம்பு என்றால் குழம்பு மட்டும். முள் தைத்தாலும் மரத்த உதட்டுக்குத் தெரியாது.